கச்சேரிக்கும் கச்சேரிக்கும் நடுவில்

"தொண்டைக்கு என்ன சாப்பிடுறீங்க?" மேடையை விட்டு இறங்கினால் பாதிப் பேர் கேட்பது இதைத்தான். பனங்கற்கண்டா, மிளகுப் பாலா, அதிமதுரமா என்று பதிலையும் அவர்களே எடுத்துக் கொடுப்பார்கள். நான் சொல்லும் பதில் யாருக்கும் ருசிப்பதில்லை. வேனில் பேசமாட்டேன், கச்சேரி முடிந்து பந்தியில் உட்காரமாட்டேன், கச்சேரி நாளில் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பேன். "இவ்வளவுதானா?" என்று முகத்தைப் பார்ப்பார்கள்.

காரைக்குடிப் பக்கத்து மெல்லிசைக் குழுக்களில் பல வருடமாகப் பாடுகிறேன். மாசியில் ஆரம்பித்தால் வைகாசி வரை சீசன். காரைக்குடி முத்துமாரியம்மன் கோயிலின் மாசி-பங்குனித் திருவிழா, குன்றக்குடி பங்குனி உத்திரம், இவற்றை ஒட்டி தேவகோட்டை, புதுவயல், கண்டனூர், பள்ளத்தூர், திருப்பத்தூர் பக்கத்துக் கிராமங்களின் பூச்சொரிதல், முளைப்பாரி. முகூர்த்த நாள் வந்தால் ரிசப்ஷன், மணிவிழா. ஆடியில் மறுபடி அம்மன் கோயில்கள். சில வாரங்களில் தொடர்ந்து ராத்திரி ராத்திரியாகப் பாட வேண்டியிருக்கும். அப்படி ஓடியதில் எனக்குப் புரிந்தது ஒன்று. மூன்று மணி நேரம் பாடுவதால் பழகிய தொண்டை கெடுவது குறைவு. மிச்சமுள்ள இருபத்தொரு மணி நேரத்தில் நாம் செய்கிற காரியம்தான் கெடுக்கிறது.

முதலில் வேன். சாயங்காலம் நாலு மணிக்குப் புறப்படும். பின்சீட்டில் பேஸ் டிரம், ஸ்பீக்கர் ஸ்டாண்டு, கேபிள் மூட்டை, நடுவில் நாங்கள். ஜன்னல் திறந்திருக்கும், இன்ஜின் சத்தம், டிரைவர் போட்ட பாட்டு, எல்லாவற்றையும் தாண்டி ஆளாளுக்கு அரட்டை. சத்தம் இருக்கிற இடத்தில் மனிதர்கள் தன்னையறியாமல் குரலை உயர்த்துவார்கள். நாம் கத்துகிறோம் என்பதே நமக்குத் தெரியாது. ஒன்றரை மணி நேரம் அப்படிப் பேசிவிட்டு மேடையேறினால், முதல் பாட்டுக்கு முன்பே ஒரு கச்சேரி முடிந்த தொண்டை அது. நான் டிரைவர் பக்கத்து சீட்டைக் கேட்டு வாங்கிக்கொள்வேன். துப்பட்டாவைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு கண்ணை மூடிவிட்டால் யாரும் பேச்சுக் கொடுப்பதில்லை. ஆரம்பத்தில் "பாப்பாவுக்குத் தலைக்கனம்" என்று பின்னால் பேசினார்கள். பேசட்டும். எப்படியும் அவர்கள் தொண்டைதானே.

திரும்பி வரும் வேன் இன்னும் மோசம். நல்ல கச்சேரி என்றால் எல்லோருக்கும் உற்சாகம் தலைக்கேறியிருக்கும், தூக்கம் வராது. களைத்த குரல் நாண்கள் லேசாக வீங்கியிருக்கிற நேரம் அதுதான். சிலர் இதைத் தெரிந்துகொண்டு குசுகுசுவென்று பேசுவார்கள், அது தொண்டைக்கு ஓய்வு என்று நினைத்து. அது ஓய்வில்லை. கிசுகிசுக்கும்போது பலர் குரல்வளையை இன்னும் இறுக்குகிறார்கள். பேசியே ஆக வேண்டும் என்றால் மெதுவாக, சாதாரணக் குரலில், பக்கத்தில் இருப்பவரிடம் மட்டும் பேசலாம். இல்லையென்றால் வாட்ஸ்அப் இருக்கிறது.

அடுத்தது தண்ணீர். பெண் பாடகிகள் வெளியே சொல்லாத விஷயம் இதில்தான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கிராமத்து மேடை எங்கே போடுவார்கள்? கோயில் பொட்டலில், ஊருணிக் கரையில், சில சமயம் அறுவடை முடிந்த வயலில். மேடை இருக்கும், சீரியல் செட் இருக்கும், ஜெனரேட்டர் இருக்கும், கழிப்பறை இருக்காது. ஆண்கள் இருட்டுக்குள் போய்விட்டு வருவார்கள். நாங்கள் என்ன செய்வோம்? மத்தியானத்திலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவோம். எனக்கு மூத்த பாடகிகள் கற்றுக்கொடுத்த முதல் பாடமே இதுதான்: "நாலு மணிக்கு மேல ஒரு வாய்கூட வேண்டாம்டி." அதன் பலன் ரெண்டு. பங்குனி வெயிலில் உடம்பு காய்ந்து குரல் நாண்கள் வறண்டுபோகும், மேல் ஸ்தாயியில் குரல் பிசிறடிக்கும். அது உடனே தெரியும். நாள் கழித்துத் தெரிவது சிறுநீர்த் தொற்று. எரிச்சல், அடிவயிற்று வலி, குளிர்க் காய்ச்சல். எங்கள் தொழிலில் இது இல்லாத பெண்ணை நான் அதிகம் பார்த்ததில்லை. ஆனால் பாடகர்களுக்கான ஆரோக்கியக் குறிப்புகள் என்று வருகிற எதிலும் இதைப் பார்த்ததும் இல்லை. எல்லாம் தேனும் துளசியும்தான்.

மேடையில் மடக் மடக்கென்று குடிக்கும் தண்ணீர் குரல் நாண்களைத் தொடுவதே இல்லை. தொட்டால் புரையேறிவிடும். விழுங்கும்போது குரல்வளை மூடிக்கொள்கிறது, தண்ணீர் உணவுக்குழாய் வழியே போகிறது. ரத்தத்தில் கலந்து, குரல் நாண்களின் மேலிருக்கும் மெல்லிய ஈரப்படலத்துக்கு அது பயன்பட நேரமாகும். ஆகவே கச்சேரிக்கான தண்ணீரைக் காலையிலிருந்தே குடித்துவர வேண்டும். மேடையில் குடிக்கும் ஒரு மடக்குத் தண்ணீர் வாயை நனைக்க மட்டும். சிறுநீர் வெளிர் மஞ்சளாகப் போகிறதா என்று பார்த்தால் போதும், லிட்டர் கணக்கு வேண்டாம்.

சரி, கழிப்பறைக்கு என்ன வழி? கேட்பதுதான் வழி. முன்பு கூச்சப்படுவேன். இப்போது வேன் நின்றதும் என் முதல் வேலை, மேடைக்குப் பக்கத்தில் பெண்கள் இருக்கிற வீடு எது என்று பார்ப்பது. இந்தப் பக்கம் பெரிய வீடுகள் பலவும் பூட்டித்தான் கிடக்கின்றன. வீட்டுக்காரர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள், வாட்ச்மேன் மட்டும் திண்ணையில் இருப்பார். ஆனால் திருவிழா என்றால் சில வீடுகள் திறந்துவிடும். கானாடுகாத்தான் பக்கம் ஒரு ஊரில் அப்படி ஒரு வீட்டு முகப்பில் போய் நின்று, "ஆச்சி, கச்சேரியில பாட வந்திருக்கேன். கொஞ்சம் உள்ளே வந்துட்டுப் போகலாமா?" என்றேன். அந்த ஆச்சி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இதுக்கு என்ன ஆத்தா கேள்வி? நேரே வளவைத் தாண்டிப் போ, பின்கட்டுல இருக்கு. செருப்பை மட்டும் கழட்டிட்டுப் போ" என்றார். இடைவேளையில் கூடப் பாடும் பெண்ணையும் அழைத்துப் போனேன். இத்தனை வருடத்தில் கேட்டு இல்லை என்று சொன்ன வீடு நினைவில் இல்லை.

இப்போது எங்கள் குழு நடத்தும் அண்ணன் அட்வான்ஸ் வாங்கும்போதே கமிட்டியிடம் சொல்லிவிடுகிறார்: ஆறு பேருக்குச் சாப்பாடு, ஒரு உடை மாற்றும் ரூம், பெண்களுக்குக் கழிப்பறை. ஜெனரேட்டர் கிலோவாட்டைக் கேட்கிற மாதிரி இதையும் கேட்டுவிட வேண்டியதுதான். மாதவிலக்கு நாட்களில் இதன் அருமை தெரியும்.

உடை என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. மேடை பிளவுஸை மற்ற பிளவுஸ் அளவுக்கே தைக்காதீர்கள். விலா எலும்பு விரிந்தால்தான் மூச்சு உள்ளே போகும். நான் மூச்சை நிறைய இழுத்துக்கொண்டு நின்றபடி அளவு கொடுப்பேன். டெய்லர் சிரிப்பார். பாவாடை நாடாவும் அப்படித்தான், ஒரு சுற்று தளர்வாக.

இனி சாப்பாடு. செட்டிநாட்டில் பாடகருக்கு இருக்கிற பெரிய ஆபத்து விருந்தோம்பல்தான், விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஒலிபெருக்கிக்கு ராத்திரி பத்து மணி வரைதான் சட்டத்தில் இடம். 2000-ஆம் வருட ஒலி மாசு விதிகள் அப்படி. திருவிழாக்களுக்கு அரசு சில நாட்கள் பன்னிரண்டு வரை அனுமதி தரலாம், அதுவும் வருடத்துக்கு 15 நாளுக்கு மேல் இல்லை. விடிய விடியப் பாடிய காலத்தைப் பற்றி மூத்தவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். எனக்கு அந்தப் பொறாமை கிடையாது. பன்னிரண்டுக்கு முடித்து, வயரைச் சுருட்டி, சால்வை வாங்கி, போட்டோ எடுத்து, இலை முன்னால் உட்காரும்போது மணி ஒன்று. வெள்ளைப் பணியாரம், காரச் சட்னி, இடியாப்பம், கோழி மிளகு வறுவல், கடைசியில் பால் பணியாரம். "நல்லாச் சாப்பிடு ஆத்தா, இவ்வளவு நேரம் பாடியிருக்கே" என்று பக்கத்தில் நின்று பரிமாறுவார்கள். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வேனில் சாய்ந்தால் வீடு வரும்வரை தூக்கம்.

அந்தத் தூக்கத்தில்தான் இரைப்பை அமிலம் மேலே ஏறுகிறது. நெஞ்செரிச்சல் இருந்தாலாவது தெரியும். தொண்டை வரை வருகிற அமிலம் பலருக்கு நெஞ்செரிச்சலே காட்டாது. காலையில் குரல் கம்மியிருக்கும், தொண்டையில் ஏதோ அடைத்த மாதிரி இருக்கும், சளி என்று நினைத்துச் செருமிக்கொண்டே இருப்போம். செருமும்போது குரல் நாண்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன. மோத மோத அவை வீங்கும், வீங்கினால் மறுபடி செருமத் தோன்றும். எனக்கு ஒரு சீசன் முழுக்கக் காலைக் கரகரப்பு இருந்தது. பனி ஒத்துக்கொள்ளவில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். காது மூக்கு தொண்டை டாக்டர் கேமராவை விட்டுப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது, "ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பிடுறீங்க? சாப்பிட்டு எவ்வளவு நேரத்தில் படுக்கிறீங்க?" என்றுதான்.

அதற்குப் பிறகு என் சாப்பாட்டு நேரத்தையே மாற்றிவிட்டேன். பெரிய சாப்பாடு ஐந்தரை, ஆறு மணிக்கு, மேடையேற இரண்டு மணி நேரமாவது முன்னால். இட்லியோ இடியாப்பமோ சாதமோ, குழம்பு கொஞ்சம், எண்ணெய்ப் பலகாரம் இல்லை. கச்சேரி முடிந்து பசித்தால் இரண்டு இட்லி அல்லது ஒரு கை மோர்ச் சாதம். வேனில் சாயாமல் உட்கார்ந்தே வருவேன். வீட்டில் கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் பலகை வைத்து உயர்த்தியிருக்கிறேன். தலையணையை அடுக்கினால் கழுத்துதான் மடங்கும், உடம்பு மேலேயிருந்து சரிவாக இருக்க வேண்டும். காபியைக் கச்சேரி நாளில் சாயங்காலத்துக்கு மேல் தொடுவதில்லை.

பந்தியை எப்படி மறுப்பது என்பது தனிக் கலை. "வேண்டாம்" என்ற சொல் இந்தப் பக்கம் செல்லாது. வருத்தப்படுவார்கள், சிலர் கோபப்படுவார்கள். "ஆச்சி, பார்சல் கட்டிக் கொடுங்க, வீட்ல எல்லாரும் சாப்பிடுவோம்" என்றால் முகம் மலர்ந்து இரண்டு மடங்கு கட்டித் தருவார்கள். மிளகு வறுவலை மறுநாள் சூடு பண்ணி மத்தியானம் சாப்பிட்டால் தொண்டைக்கு ஒரு கேடும் இல்லை. இதைப் படித்துவிட்டு செட்டிநாட்டுச் சமையல் என்றாலே காரம் என்று நினைத்துவிடாதீர்கள். ஹைவே ஓட்டல் போர்டில் எழுதியிருக்கிற செட்டிநாடு வேறு, வீட்டில் வைக்கிற இளங்குழம்பும், அரிசி களைந்த தண்ணீரில் வைக்கிற மண்டியும் வேறு. கெடுதல் சாப்பாட்டில் இல்லை, சாப்பிடுகிற நேரத்தில்.

ஐஸ் தண்ணீரைப் பற்றியும் கேட்பார்கள். எனக்கு அதில் பெரிய பயம் இல்லை. குளிர்ந்தது குடித்தால் சிலருக்குத் தொண்டை இறுகுகிற மாதிரி இருக்கும், அவர்கள் தவிர்க்கலாம். நள்ளிரவுப் பந்தியோடு ஒப்பிட்டால் ஐஸ் தண்ணீர் ஒன்றுமே இல்லை.

பாட்டுக்கு வருகிறேன். மேடைக்கு முன் தொண்டையைத் தயார் செய்ய இடம் கிடைக்காது, ஒரு பக்கம் மேளம், மறுபக்கம் வாண வேடிக்கை. ஒரு ஸ்ட்ரா போதும். தண்ணீர் பாட்டிலில் இரண்டு விரல் ஆழத்துக்கு ஸ்ட்ராவை விட்டு, குமிழி வரும்படி ஊதிக்கொண்டே கீழிருந்து மேலே, மேலிருந்து கீழே 'ஊ' என்று குரலை இழுப்பேன். ஐந்து நிமிடம். உதட்டை 'ப்ர்ர்ர்' என்று அதிரவிட்டுச் செய்தாலும் அதே பலன். வாய்ப் பக்கம் காற்று தடைபடுவதால் குரல் நாண்கள் முட்டி மோதாமல் இலகுவாக அதிர்கின்றன. கச்சேரி முடிந்ததும் இறங்குவரிசையில் இரண்டு நிமிடம் இதையே செய்துவிட்டுத்தான் போட்டோவுக்கு நிற்பேன்.

கட்டை, அதாவது எந்தச் சுருதியில் பாடுகிறோம் என்கிற விஷயத்தில் வெட்கப்படவே கூடாது. எனக்கு ஸா ஐந்து கட்டை. அந்த ஸாவைப் பிடித்து நின்றால் குரல் நாண்கள் நொடிக்கு ஏறக்குறைய 196 முறை மோதிப் பிரிகின்றன, மேல் ஸாவில் 392. மூன்று மணி நேரத்தில் எத்தனை லட்சம் என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். ரெக்கார்டில் இருக்கிற அதே கட்டையில்தான் பாடுவேன் என்று வீம்பு பிடித்தால் நஷ்டம் நமக்குத்தான். ரெக்கார்டிங்கில் ஒரு பாட்டை ஒரு நாள் பாடினால் முடிந்தது, நாம் அதை முப்பது ராத்திரி பாட வேண்டும். கீபோர்டு மாஸ்டரிடம் "அண்ணே, இன்னிக்கு அரைக் கட்டை இறக்கிடுங்க" என்றால் அவருக்கு ஒரு பட்டன் வேலை. முன்னால் இருக்கிற கூட்டத்தில் யாருக்கும் தெரியாது. பாட்டு வரிசையையும் நானே பார்த்துக்கொள்வேன். உச்சத்தில் நிற்கிற அம்மன் பாட்டை முதலில் வைக்கச் சொல்வார்கள். பக்திக்கு மறுப்பில்லை, ஆனால் முதலில் ஒரு விநாயகர் பாட்டைக் கீழ் ஸ்தாயியில் பாடிவிட்டுத்தான் அதற்குப் போவேன். துண்டுச் சீட்டில் வருகிற விருப்பப் பாடல்களை ஆண் குரல், பெண் குரல், டூயட் என்று மாற்றி மாற்றி அடுக்கினால் ஒவ்வொருவருக்கும் மூச்சு வாங்க நேரம் கிடைக்கும்.

மானிட்டர் ஸ்பீக்கர் இல்லாத மேடையில் பாட ஒத்துக்கொள்ளாதீர்கள். தன் குரல் தனக்குக் கேட்காவிட்டால் எவ்வளவு பெரிய வித்வானும் கத்துவார். மானிட்டரில் என் குரலும் கீபோர்டும் மட்டும் போதும் என்று மிக்சர் தம்பியிடம் சொல்லிவிடுவேன். காதையும் பார்க்க வேண்டும். 85 டெசிபலில் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் பாதி நேரம் என்பது அமெரிக்கத் தொழில்நலக் கணக்கு. அப்படிப் பார்த்தால் 100 டெசிபலில் பதினைந்து நிமிடம்தான். டிரம்ஸ் பக்கத்தில் நிற்கிறவர்கள் எங்கே இருக்கிறோம் என்று யோசிக்கலாம். டிரம்ஸ் பக்கக் காதில் பஞ்சு அடைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பஞ்சு போதாது, மெடிக்கலில் கிடைக்கும் ஃபோம் அடைப்பான் வாங்கிக்கொள்ளுங்கள், விலை பெரிதில்லை.

புகையும் தூசியும் நம் கையில் இல்லை. புகை மேடைப் பக்கம் வராதபடி, ஜெனரேட்டரை மேடையைத் தாண்டிக் காற்று போகிற பக்கம் வைக்கச் சொல்லலாம், கேட்பார்கள். வீட்டுக்கு வந்ததும் வெறும் வெந்நீரில் ஆவி பிடிப்பேன். தைலம் எதுவும் போடுவதில்லை. குரல் நாண்களை நேரடியாகத் தொடுகிற ஈரம் ஆவி மட்டும்தான்.

கை வைத்தியத்துக்கு நான் எதிரி இல்லை. பனங்கற்கண்டுப் பால் இதமாக இருக்கும், சுக்கு மல்லிக் காபி எனக்கே பிடிக்கும். ஆனால் அதிமதுரத்தைச் சீசன் முழுக்க வாயில் அடக்கிக்கொண்டு திரிகிறவர்களைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. அளவு மீறினால் ரத்த அழுத்தத்தை ஏற்றும், பொட்டாசியத்தைக் குறைக்கும். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தொடவே வேண்டாம். மெந்தால் மிட்டாய் தொண்டையை மரக்கவைப்பதால் வலி தெரியாமல் இன்னும் அழுத்திப் பாடிவிடுவோம். சளிக்குப் போடும் அலர்ஜி மாத்திரைகள் பலவும் தொண்டையை வறட்டும். கச்சேரி அன்று தலைவலி என்றால் ஆஸ்பிரின் வேண்டாம், அது ரத்தம் உறைவதைத் தடுக்கும், அழுத்திப் பாடும்போது குரல் நாணில் ரத்தக் கசிவு ஏற்படலாம்.

எல்லாவற்றையும் விட ஆபத்து, குரல் போன அன்று போடும் ஸ்டீராய்டு ஊசி. ஒரு ஊர் கிளினிக்கில், தொண்டைக்குள் எட்டிக்கூடப் பார்க்காமல், "ராத்திரி பாடணுமா? ஒரு ஊசி போட்டுக்கோங்க" என்று எடுத்துவிட்டார்கள். வேண்டாம் என்று எழுந்து வந்தேன். அந்த ஊசி வீக்கத்தை அமுக்கும், குரலும் வரும். உள்ளே கசிவோ கிழிசலோ இருந்தால், குரல் வருகிறதே என்று பாடி அதைப் பெரிதாக்கிவிடுவோம். குரல்வளையை கேமராவில் பார்த்த டாக்டர் சொன்னால் மட்டும் அதை யோசிக்கலாம்.

கரகரப்பு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் காத்திருக்கக் கூடாது. பாடிக்கொண்டிருக்கும்போது திடீரென்று குரல் அறுந்தாற்போல் போனால் அன்றே வாயை மூடிக்கொண்டு டாக்டரிடம் போக வேண்டும். எங்களோடு பாடிய ஒரு பெண்ணுக்குக் குரல் நாணில் முடிச்சு விழுந்திருந்தது. உழைக்கிற கையில் காய்ப்பு விழுகிற மாதிரிதான் அதுவும், இரண்டு குரல் நாண்களும் அதிகமாக மோதுகிற இடத்தில் எதிரெதிரே வரும். ஆபரேஷன் என்று அழுதாள். ஆனால் பேச்சுப் பயிற்சியாளரிடம் மாதக்கணக்கில் பயிற்சி எடுத்து, ஆபரேஷன் இல்லாமலே சரியானாள். முடிச்சுக்கு முதல் சிகிச்சை பயிற்சிதான் என்பது அவள் மூலம்தான் எங்கள் குழுவுக்கே தெரிந்தது. பயிற்சியாளர் அவளிடம் கண்டுபிடித்த காரணமும் பாட்டு இல்லை. பகலில் டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தாள், நாற்பது பிள்ளைகளுக்கு, மைக் இல்லாமல்.

இவ்வளவு தெரிந்தும் ஏன் காய்ச்சலோடு பாடுகிறோம்? பாடாத ராத்திரிக்குச் சம்பளம் கிடையாது, அதுதான் காரணம். அடுத்த முறை கூப்பிடமாட்டார்களோ என்ற பயம் வேறு. இதற்கு நாங்கள் சில பாடகிகள் எங்களுக்குள் ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறோம். ஒருத்திக்கு முடியாவிட்டால் இன்னொருத்தி போவாள், சம்பளத்தில் பாதி முடியாதவளுக்கு. அடுத்த முறை கணக்கு திரும்பும். என் பாட்டுப் பட்டியலும் கட்டையும் அவள் போனில் இருக்கிறது, அவளுடையது என்னிடம். கமிட்டிக்காரர்கள் "நோட்டீஸ்ல உங்க பேரைப் போட்டுட்டோமே" என்று முகம் சுளிப்பார்கள். நோட்டீஸ் அச்சுக்குப் போகும் முன்பே இரண்டு பெயரையும் கொடுத்துவிட்டால் அந்தப் பேச்சும் இல்லை.